பன்றி இல்லை என்று எழுதிய மாலை

மாலை மணி 6.22. முதலில் கண்ணில் பட்டது ஒரு வால்.

கோழியை மூடக் கவிழ்க்கும் பெரிய மூங்கில் கூடை ஒன்று மாட்டுக் கொட்டகையின் மூலையில் இருந்தது. அதன்மேல் பழைய பச்சைப் புடவையைப் போர்த்தியிருந்தார்கள். புடவைக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக வெளியே வந்திருந்த வால் கறுப்பாக, ஒரு சுற்றுச் சுருண்டு, நுனியில் நாலைந்து மயிரோடு இருந்தது. என் டார்ச் வெளிச்சம் பட்டதும் உள்ளே போய்விட்டது.

“கோழிங்க சார்,” என்றார் வீட்டுக்காரர் செல்வராசு.

கூடை சுவரோரமாக மெதுவாக நகரத் தொடங்கியது.

“பெரிய கோழி,” என்றேன்.

“ஒடம்பு செரியில்லீங்க. அதான் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது.”

செல்வராசு நெல் வயலில் கூலி வேலை செய்பவர். அவருடைய ஊர் கோமுகி அணைக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில், அறுபது வீடு. பெயர் வேண்டாம். நான் அரசாங்கச் சம்பளத்தில் பூச்சி சேகரிப்பாளர், அதாவது கொசு பிடிப்பவன். அன்று பிடிக்கப் போனது மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசுவை. படிவத்தில் கொசுக் கணக்குக்குக் கீழே ஒரு கட்டம் உண்டு: ஊரில் பன்றி உண்டா, இல்லையா. நான் கூடையைப் பார்த்தேன். கூடை நின்றுவிட்டது. ‘இல்லை’ என்று எழுதி, பக்கத்தில் ‘பா’ என்று போட்டேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் போனில் கூப்பிட்டார். பதிவேடு போய்விட்டதாம். எல்லாம் செல்போனில் செயலியாம். “சார், பன்றி கட்டத்துல ‘இல்லை’ன்னு போட்டா அடுத்த ஊருக்குப் போவுது. ‘உண்டு’ன்னு போட்டா போட்டோ கேக்குது. போட்டோ எடுத்தா பன்றி அசையக்கூடாதுன்னு சொல்லுது. அதனால எல்லாரும் ‘இல்லை’ன்னே போட்டுக்கினு போறாங்க. நான் இன்னா சார் போடறது?” அவருக்குச் சொன்ன பதில் நீளமாகப் போய், நடுவில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு முன் கள்ளக்குறிச்சியில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு நாலு வருடம் பகுதி நேர நிருபராக இருந்தேன். அங்கே செய்தி ஆசிரியர் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். முதலில் மணி, அடுத்து கண்ணில் பட்டது, அபிப்பிராயம் கடைசியில். இடம் போதவில்லை என்றால் கடைசியை வெட்டிவிடலாம். அரசாங்கப் பயிற்சி மூன்று வாரம். ஆண் கொசு எது, பெண் கொசு எது என்று பிரிக்கவும், இரண்டையும் விழுங்காமல் இருக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

விழுங்குவது வேடிக்கைப் பேச்சு இல்லை. எங்கள் கருவி ஒரு கண்ணாடிக் குழாய். அதன் பின்னால் ரப்பர் குழாய், இரண்டுக்கும் நடுவில் கொசுவலைத் துணி. ரப்பரின் முனையை வாயில் வைத்துக்கொண்டு, மாட்டின் வயிற்றிலோ சுவரிலோ உட்கார்ந்திருக்கும் கொசுவின்மேல் கண்ணாடி முனையைக் காட்டி, மெல்ல உறிஞ்ச வேண்டும். பலமாக உறிஞ்சினால் கொசுவின் கால் ஒடியும். கால் ஒடிந்த கொசுவை இனம் பிரிக்க முடியாது. ஒரு கொட்டகைக்கு ஆறு நிமிடம், பத்துக் கொட்டகைக்கு ஒரு மணி நேரம். ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை கொசு பிடித்தான் என்பதுதான் கணக்கு. நடுத்துணி கிழிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். எனக்கு மூன்று முறை தெரிந்திருக்கிறது. விழுங்கியதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருமுறை எங்கள் அலுவலரிடம் கேட்டேன். “எந்த இனம்னு சொல்ல முடியுமா?” என்று கேட்டார். முடியாது என்றேன். “அப்ப சேர்க்காதீங்க.”

அவர்தான் எங்கள் பூச்சியியல் அலுவலர். ஊர்களில் அவருக்குக் கடிகார மேடம் என்று பெயர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எப்போதும் பென்சிலால் எழுதுவார், எழுதுவதற்கு முன் சீவுவார். கொசு பிடிப்பது அஸ்தமனம் ஆன நிமிடத்தில் தொடங்க வேண்டும் என்று விதி. அன்றைய செய்தித்தாளில் அஸ்தமன நேரம் அச்சாகியிருக்கும் துண்டைக் கத்தரித்துக் கைப்பையில் கொண்டுவருவார். கல்வராயன் அடிவாரத்தில் சூரியன் ஐந்தரைக்கே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஊர் இருட்டில் நிற்கும். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“பொழுது எப்பவோ பூட்ச்சே மேடம்,” என்பார்கள்.

“மலைக்குப் பின்னாடி போயிருக்கு. இன்னும் அஸ்தமனம் ஆகல.”

“அத கொசுவுக்கு யாரு சொல்றது?”

அவருடைய இன்னொரு சட்டம்தான் அந்த ‘பா’. படிவத்தில் எதை எழுதினாலும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போட வேண்டும். கண்ணால் பார்த்தது என்றால் ‘பா’. யாரோ சொல்லிக் கேட்டது என்றால் ‘கே’. மேலே போகும் பட்டியலில் ‘பா’ மட்டும்தான் ஏறும். “கேட்டது ஊருக்கு ஊர் மாறும்,” என்பார். பத்திரிகையில் நான் வேலை பார்த்தபோது இப்படி ஒருவர் மேலே இருந்திருந்தால் பாதிச் செய்தி அச்சாகியிருக்காது.

ஒரு ‘பா’வோடு பொய் எழுதலாம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

நான் ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்றி வளர்க்கும் வீடுகளுக்கு வண்டி வரும், பன்றிகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அந்த வாரம் ஊரெல்லாம் பேச்சு. நாலு வீட்டில் பன்றி இருந்தது. நாலு வீடும் மறைத்தது. வார்டு மெம்பர் தனலட்சுமி வீட்டில் தார்ப்பாய் கட்டிய குளியல் மறைப்பின்மேல் துண்டு தொங்கியது.

“உள்ள எங்க வூட்டுக்காரரு குளிச்சிக்கினு இருக்காரு சார்.”

உள்ளேயிருந்து ஓர் உறுமல் வந்தது.

“சளி,” என்றார் மெம்பர்.

அப்போது தெருமுனையில் அவருடைய வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். மெம்பர் கொஞ்சமும் அசரவில்லை. “வந்துட்டீங்களா,” என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை வாங்கி நிறுத்தினார்.

செல்வராசுவின் கொட்டகையில் அவருடைய மூத்த பெண் சத்யா மாட்டின் பக்கத்தில் நின்றிருந்தாள். வயது ஏழு. “இது இன்னாம்மா?” என்று கூடையைக் காட்டிக் கேட்டேன். “கோழி சார்,” என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இளையவள் பூவரசி, நாலு வயது, கூடையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கூடை அவளையும் சுமந்துகொண்டு ஓரடி நகர்ந்தது. எனக்கு இன்னும் நாலு கொட்டகை பாக்கி. ‘இல்லை’ என்பது அப்போது சின்னச் சொல்லாகத் தெரிந்தது.

அந்தக் கட்டத்தை வைத்துத்தான் பட்டியல் போடப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வழக்கமாக இரண்டு வயதுக்குள் போடுவது. மலையடிவார ஊர்களில் பல குழந்தைகளுக்கு விட்டுப்போயிருந்தது. அவர்களுக்காகப் பதினைந்து வயதுவரை சிறப்பு முகாம் என்று உத்தரவு வந்தது. எல்லா ஊருக்கும் போக வண்டி இல்லை. ஆபத்து அதிகமுள்ள ஊருக்கு முதலில் என்றார்கள். ஆபத்துக்கு மூன்று கட்டம்: நெல்வயல், பன்றி, காய்ச்சல். மூன்றில் இரண்டு இருந்தால் வண்டி வரும். செல்வராசு ஊரில் நெல் மட்டும் இருந்தது. ஐப்பசியில் வண்டி பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போனது. இங்கே நிற்கவில்லை.

கார்த்திகையில் சத்யாவுக்குக் காய்ச்சல். முதல் நாள் தலைவலி, வாந்தி. மூன்றாம் நாள் அம்மாவைப் பார்த்து யார் என்று கேட்டாள். அன்று மத்தியானம் வலிப்பு. கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு. திரும்பி வர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. காய்ச்சல் விசாரணைப் படிவத்தோடு நான் போனபோது கொட்டகை வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்கள் மடங்கியே இருந்தன. கேட்டால் பதில் சொல்வாள் என்று முகத்தைப் பார்த்தால் தோன்றியது; பேச்சு வரவில்லை.

அவளுடைய அம்மா மல்லிகா என்னிடம் கேட்டது அப்படியே நினைவிருக்கிறது.

“பன்னிக்கும் அதே கொசுதானே சார் கடிச்சிது? அது நல்லாத்தானே மேஞ்சிக்கினு இருக்குது?”

“பன்றிக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா அதோட ரத்தத்துல கிருமி நெறைய பெருகும். கொக்கு, நாரைக்கும் அப்படித்தான். அந்த ரத்தத்தைக் குடிச்ச கொசுவோட வயித்துலருந்து கிருமி எச்சிலுக்கு வந்து சேர பத்து நாளுக்கு மேல ஆவும். அப்புறம் அது யாரைக் கடிச்சாலும் எச்சிலோட உள்ள போவும்.”

“மாட்ட?”

“மாட்டைத்தான் ஜாஸ்தி கடிக்கும். மாட்டுல அது பெருகாது.”

“எங்கள எல்லாரையுந்தான் கடிக்குது.”

“ஆமாம். நூறு பேர்ல தொண்ணூத்தொம்பது பேருக்கு ஒண்ணுமே தெரியாது. ஒடம்பு அங்கயே அடக்கிடும். சில பேருக்குத்தான் ரத்தத்துலருந்து மூளைக்குள்ள போவுது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு காவல் இருக்கு. அதைத் தாண்டிப் போய் நரம்புங்களுக்குள்ள பெருகுது. ஒடம்பு அதோட சண்டை போட, மூளை வீங்குது. மண்டை ஓடு எடம் குடுக்காது. வலிப்பு அதனாலதான். கிருமியைக் கொல்ல மருந்து கெடையாது. ஒடம்பு தாங்கற மாதிரி பாத்துக்கறதுதான்.”

“எம்பொண்ணுக்கு ஏன் தாண்டிச்சு?”

“தெரியாதும்மா.”

“இவள கடிச்ச கொசு இன்னொருத்தர கடிச்சா?”

“மனுசன் ரத்தத்துல அது அவ்வளவு இருக்காது. கொசுவுக்கு ஒட்டாது. மனுசனோட அது முடிஞ்சிடும்.”

மல்லிகா சத்யாவின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார். “அப்ப இவளால அதுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல,” என்றார். “சும்மா வந்துட்டுப் போயிருக்குது.”

நான் படிவத்தில் தேதி எழுதினேன்.

தை மாதம் இரண்டாவது முகாம் என்றார்கள். அதோடு சரி, மூன்றாவது கிடையாது. இந்த முறை காய்ச்சல் கட்டமும் நிரம்பியிருக்கும் என்று நினைத்தேன். நிரம்பவில்லை. சத்யாவின் ரத்த மாதிரியை எடுத்த நாள் தள்ளிப்போய், சோதனையில் ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ‘காரணம் அறியப்படாத மூளை அழற்சி’ என்று தாள் வந்தது. காரணம் அறியப்படாதது கட்டத்தில் ஏறாது. மறுபடியும் நெல் மட்டும்.

செல்வராசு கள்ளக்குறிச்சி ஆபீசுக்கே வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி, பூவரசியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேடத்தின் மேசைக்கு முன்னால் நின்றார்.

“எங்க ஊர்ல பன்னி இருக்குது மேடம். எழுதிக்குங்க. இவளுக்காவது ஊசி போடணும்.”

மேடம் பதிவேட்டைப் புரட்டினார். “இல்லைன்னு இருக்கு. ‘பா’ போட்டிருக்கு. பார்த்தவர் இவர்.” என்னைப் பார்த்தார். “நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன் மேடம்.”

“என்ன பாத்தீங்க?”

“பன்றி.”

“என்ன எழுதினீங்க?”

“இல்லைன்னு.”

மேடம் பென்சிலை எடுத்துச் சீவினார். “அப்ப ‘பா’ சரி,” என்றார். “‘இல்லை’தான் தப்பு.”

“நான்தாங்க கோழின்னு சொன்னேன்,” என்றார் செல்வராசு. “சார் மேல தப்பு இல்லீங்க.”

“கோழின்னு நம்பினீங்களா?” என்று மேடம் என்னைக் கேட்டார்.

“இல்ல மேடம். கோழி வால் சுருளாது.”

“அதை எழுத்துல குடுங்க.”

அன்று சாயங்காலமே எனக்குக் குறிப்பாணை வந்தது: பன்றியைக் கண்ணால் கண்டும் காணாததாகக் கண்டு பதிந்தமைக்கு ஏழு நாளில் விளக்கம் தரவும். முப்பது வருடத்தில் எனக்கு வந்த ஒரே குறிப்பாணை. அதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது.

பழைய பதிவைத் திருத்த விதியில் இடமில்லை. புதிதாகப் பார்க்கலாம். “வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நானே வரேன்,” என்றார் மேடம். “சனிக்கிழமை பட்டியல் போயிடும்.”

மாடிப்படியில் இறங்கும்போது செல்வராசு என் கையைப் பிடித்தார். “சார், ஒண்ணு சொல்லணும். பன்னி இல்ல.”

“என்னது?”

“சத்யாவப் பாத்துட்டு நீங்க போனப்புறம் நாலு வூட்டுலயும் பன்னிய மலை மேல ஏத்தி வுட்டுட்டோம். மெம்பரோட சொந்தக்காரங்க சாமைக் கொல்லைல இருக்குது. நீங்கதானே சார் சொன்னீங்க, வூட்டுக்கிட்ட வச்சிக்காத, தூரமா வுடுன்னு?”

நான்தான் சொன்னேன். என் பணிக்காலம் முழுவதும் ஊர் ஊராகச் சொன்னேன். ஒரு ஊர் கேட்டது. கேட்டதனால் அந்த ஊருக்கு இப்போது வண்டி வராது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேடம் ஜீப்பிலிருந்து இறங்கியபோது பள்ளிக்கூடத்தின் முன்னால் ஆறு பன்றிகள் கட்டியிருந்தன. எல்லாவற்றையும் குளிப்பாட்டியிருந்தார்கள். ஒன்றின் கழுத்தில் சாமந்தி மாலை. பக்கத்தில் ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டி, பின்கதவு திறந்தபடி, உள்ளே வைக்கோலோடு நின்றது.

“எல்லாம் இந்த ஊர்ப் பன்றியா?” என்று மேடம் கேட்டார்.

“பொறந்து வளந்ததே இங்கதாங்க,” என்றார் மெம்பர்.

“வண்டி?”

“அது வேற சோலியா வந்திருக்குதுங்க.”

மேடம் பன்றிகளை ஒருமுறை சுற்றிவந்தார். “கயித்தை அவுத்து விடுங்க.”

“ஓடிப்போயிடுங்க மேடம்.”

“சொந்த ஊர்ப் பன்றி வீட்டுக்குத்தானே போகும்?”

மெம்பர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். கயிற்றை அவிழ்த்தார்கள். ஐந்து பன்றிகள் ஒன்றை ஒன்று முகர்ந்துவிட்டு, வந்த பாதையில், பக்கத்து ஊரை நோக்கி வரிசையாக ஓடின. மாலை போட்டது முன்னால் போனது. யாருடைய பன்றிகளோ, வண்டிக்காரர் அலறிக்கொண்டு பின்னால் ஓடினார். ஊரே நின்றது. செல்வராசு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

ஆறாவது பன்றி நின்ற இடத்திலேயே கொஞ்சம் மண்ணைக் கிளறியது. பிறகு நடந்தது. கைப்பம்பு வரை போய், இடது பக்கம் திரும்பி, இரண்டு வீடு தாண்டி, செல்வராசுவின் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தது. நாங்கள் பின்னால் போனோம். மூலையில் அந்த மூங்கில் கூடை கவிழ்ந்து கிடந்தது. பன்றி மூக்கால் அதன் விளிம்பைத் தூக்கி, தலையை விட்டு, உள்ளே போகப் பார்த்தது. மலையிலிருந்து இறக்கி வந்தது அது ஒன்றுதான்; நாலு மாதத்தில் வளர்ந்திருந்தது. பாதிதான் போனது. கூடை முதுகில் தொப்பிபோல உட்கார்ந்துகொண்டது. அப்படியே சுவரோரமாக நடந்தது. பூவரசி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மணி 4.37. மேடம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்த சத்யாவின் பக்கம் குனிந்தார்.

“இது என்னம்மா?”

சத்யாவின் உதடு அசைந்தது. சத்தம் வர நேரமாயிற்று. மேடம் அவசரப்படுத்தவில்லை. அஸ்தமனத்துக்குக் காத்திருப்பதுபோலவே காத்திருந்தார்.

“கோ… ழி… சார்.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது என்று மல்லிகா பிற்பாடு சொன்னார். அந்த நேரம் மல்லிகா ஓடிவந்து சத்யாவின் வாயருகே காதை வைத்துக்கொண்டார். செல்வராசு கைகூப்பிவிட்டார். “பழக்கத்துல சொல்லுதுங்க மேடம். நான்தான் அப்ப சொல்லிக் குடுத்தேன். அது பன்னிதாங்க. சத்தியமா பன்னிதாங்க.”

மேடம் பென்சிலைச் சீவினார். படிவத்தைத் தொடையில் வைத்து எழுதினார். நான் தோளுக்குமேலாக எட்டிப் பார்த்தேன். ‘பன்றி – ஒன்று – பா.’ அதற்குக் கீழே, கட்டமே இல்லாத இடத்தில், ‘கோழி – ஒன்று – கே.’

பட்டியல் சனிக்கிழமை போனது. அந்த மாதமே வண்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பெஞ்சு போட்டு, காலை 10.10க்குத் தொடங்கினார்கள். பூவரசி நான்காவது. அழுதாள், ஊசி போட்டபிறகு நர்சின் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெயர்களை எழுதியவன் நான். மொத்தம் இருபத்தேழு குழந்தைகள்.

இருபத்தேழாவது பெயரைச் சேர்ப்பதற்கு முன் டாக்டர் ஆஸ்பத்திரித் தாள்களை இரண்டு முறை படித்தார். வந்தது என்ன நோய் என்று அதில் இல்லை. வயது பதினைந்துக்குள் இருந்தது.

சத்யா இடது கையை நீட்டினாள்.